தெருச் சத்தம் இல்லாத வீட்டில் அம்மாவுக்கு மணி தெரியவில்லை

தெருமுனைவீடு (கேள்வி)

என் அம்மாவுக்கு 76 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திருவல்லிக்கேணியில் ஒரே வீடு. தரைத்தளம், வாடகை. கூடத்து ஜன்னலைத் திறந்தால் நேராகத் தெரு. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போய்த்தான் ஆக வேண்டும், அவ்வளவுதான் அகலம். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். போன தை மாதம் அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். நான் இருப்பது சிறுசேரிப் பக்கம், 14ஆவது மாடி. காற்று நன்றாக வரும், தண்ணீர்க் கஷ்டம் இல்லை. முதல் வாரம் அம்மாவே "நல்ல அமைதியா இருக்கும்மா" என்றார்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரே கேள்வி. "மணி என்னம்மா?" காலையில் எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், மத்தியானம் படுத்து எழுந்ததும். பெரிய எண் போட்ட கடிகாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். அப்புறம் "இன்னிக்கு என்ன கிழமை?" என்று ஆரம்பித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மறதி நோயோ என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அம்மா கடகடவென்று சொல்லிவிட்டார். "ஞாபகத்துக்கு ஒன்றும் இல்லை, இடம் மாறியதால் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

காரணத்தை அம்மாதான் ஒரு நாள் சொன்னார். "இந்த வீட்ல எல்லாம் சத்தமில்லாம வந்துட்டுப் போயிடுது. பால் வந்துச்சான்னு கதவத் திறந்து பாத்தாதான் தெரியுது. ராத்திரி மழை பேஞ்சதே நீ சொல்லித்தான் தெரிஞ்சுது. அப்புறம் மணி மட்டும் எப்படித் தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். பழைய வீட்டில் அம்மா கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதே இல்லை. விடியும் முன் பால் டிரேயைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் சத்தம். பெரிய மசூதியிலிருந்து பாங்கு. அது மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்னே பின்னே நகர்வதை வைத்தே "பொழுது நீள ஆரம்பிச்சிருச்சு" என்பார். பிறகு வரிசையாக வாசல்களில் தென்னந்துடைப்பம், வாளித் தண்ணீர் தெளிக்கிற சத்தம். எட்டேகாலுக்குப் பள்ளிக்கூட ஆட்டோக்கள். பதினோரு மணிக்குக் கீரைக்காரம்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் ஒரே திசையில் போகும், அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து எதிர்த் திசையில் திரும்பும். கிழமை தெரிந்துவிட்டது, காலண்டர் எதற்கு?

அடிபம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பம்புக்கும் ஒரு குரல். எங்களுடையதில் முதல் நான்கு அடி வறட்டு அடி, கைப்பிடி மட்டும் கிறீச்சிடும். ஐந்தாவதில் தொண்டையைக் கனைத்தது போல ஒரு சத்தம் வரும். ஆறாவதில் தண்ணீர். பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழும்போது முதலில் தடதடவென்று கீழ்ச் சத்தம், குடம் நிறைய நிறைய அது மெல்ல மேலே ஏறும். கழுத்துக்கு வந்ததும் விர்ரென்று ஏறிவிடும். அம்மா சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே "வழியப் போகுது, கைய எடு" என்று குரல் கொடுப்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் எங்கள் தெருவுக்கு டிவிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஸ்டேடியம் ஒரு கிலோமீட்டர் தூரம். சத்தம் நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் வருகிறது, மூன்று நொடியில் வந்துவிடும். டிவி ஒளிபரப்பு பல கட்டம் தாண்டி வீட்டுக்கு வர அதைவிட அதிக நேரம் ஆகும். திரையில் பவுலர் ஓடி வந்துகொண்டிருப்பார், ஜன்னல் வழியே ஆரவாரம் வந்துவிடும். நம் ஆள் அவுட் என்றால் ஆரவாரம் இருக்காது. அதுவரை இரைந்துகொண்டிருந்த இடம் சட்டென்று காலியாகும். அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது, ஆனால் "போச்சு" என்று முதலில் சொல்வது அம்மாதான்.

பழைய தெருவில் இருக்கும் என் சித்தி மகனிடம் சொல்லி ஒரு காலைப்பொழுதைப் போனில் பதிவு செய்து வாங்கினேன். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா இரண்டு நிமிடம் கேட்டார். "நிறுத்திரும்மா. எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து வருது" என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? தெருவைக் காதால் தெரிந்துகொள்கிறவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? நீங்கள் என்ன செய்தீர்கள்?

நூறடிரோடு

அம்மாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

வடபழனியில் நூறடி ரோட்டை ஒட்டி முதல் மாடியில் இருக்கிறோம். ஜன்னலுக்குக் கீழே சிக்னல். சிவப்பு விளக்கில் எண் இறங்கிக்கொண்டே வரும். ஐந்து வந்ததும் பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பிப்பார்கள். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. பச்சை விழுந்த பிறகும் நிற்காது. எத்தனை நொடிக்கு ஒரு தடவை என்று எனக்கு மனப்பாடம். என் மகளுக்கு ஏழு மாதம். எனக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம். அவளும் நானும் சேர்ந்து தூங்க வேண்டிய மத்தியான நேரத்தில் ஏர் ஹார்ன் வைத்த பஸ் ஒன்று தினமும் ஒரே சமயத்தில் வரும். தூக்கத்திலேயே குழந்தையின் இரண்டு கையும் விரிந்து தூக்கிப் போடும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே 50, 40. போனில் ஆப் போட்டு எங்கள் ஜன்னலில் அளந்தேன், 80க்குக் குறையவே இல்லை. போன் ஆப் சரியான கருவி இல்லை, ஐந்தாறு கூடக் குறைய இருக்கும். இருந்தாலும் டெசிபல் சாதாரணக் கணக்கு இல்லை. பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 55க்கும் 80க்கும் உள்ள தூரம் 25 இல்லை, முந்நூறு மடங்குக்கும் மேல். மனு எழுதிக் கொடுத்தேன், ரசீது வாங்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் நடந்தது.

மும்பை போலீஸ் 2020 ஜனவரியில் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். சில சிக்னல்களில் டெசிபல் மீட்டரை இணைத்து, ஹார்ன் சத்தம் 85ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கின் எண் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்தார்கள். ஹார்ன் அடித்தால் காத்திரு என்று அர்த்தம். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது.

உங்கள் அடிபம்பும் கீரைக்காரம்மாவும் வந்துவிட்டுப் போய்விடுகிற சத்தங்கள். எங்கள் ஜன்னலுக்கு வருவது போகவே போகாது. அந்த 14ஆவது மாடியை எனக்குக் கொடுத்தால் இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவேன்.

வெள்ளைக்கோல்

உங்கள் அம்மா சொன்ன "எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து வருது" என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். இதைப் புரியவைக்க நான் பல பேரிடம் பல வருடம் பேசியிருக்கிறேன்.

எனக்குப் பிறந்ததிலிருந்து பார்வை இல்லை. இசை சொல்லிக்கொடுக்கிறேன். புரசைவாக்கத்தில் வீடு, எழும்பூர் வரை தினமும் தனியாகப் போய் வருகிறேன். தெரு எனக்குச் சத்தங்களின் பட்டியல் இல்லை. சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எதில் பட்டுத் திரும்புகிறது, இதுதான் தெரு. ஒரு போன் ஸ்பீக்கரில் கீரைக்காரம்மாவின் குரல் வரும், அவர் நடந்து வரும் தெரு வராது. அம்மா கேட்டது தெருவை.

என் வழியைச் சொல்கிறேன். வீட்டை விட்டு இறங்கினால் இடது காதுப் பக்கம் தொடர்ந்து சுவர், என் செருப்புச் சத்தம் அதில் பட்டுக் கெட்டியாகத் திரும்பும். ஓர் இடத்தில் அது திடீரென்று மெலியும், கன்னத்தில் காற்றுப் படும். அதுதான் முதல் சந்து. அடுத்து டீக்கடை. மாஸ்டர் ஆற்றும் சத்தம், அதற்குப் பின்னால் பாய்லர். அதைத் தாண்டிப் பதினெட்டு அடியில் மழைநீர் வடிகால் மேல் போட்ட சிமெண்டுப் பலகைகள் ஆரம்பிக்கும். கோல் நுனி பட்டதும் உள்ளே கூடாக இருப்பது தெரியும். அதில் மூன்றாவது பலகை ஆடும், அதன் சத்தம் மற்றதைவிடச் சற்றுத் தட்டையாக இருக்கும். அங்கே காலை அகட்டி வைக்க வேண்டும். இரவு திரும்பும்போது டீக்கடை மூடியிருக்கும், அந்த வேலையைக் கொத்துப் பரோட்டா போடுகிற கடை எடுத்துக்கொள்ளும். கல்லில் இரண்டு தகடும் தட்டுகிற தாளத்தை நான் நூறு அடிக்கு முன்பே பிடித்துவிடுவேன். மாஸ்டர் மாறினால் தாளமும் மாறும்.

நூறடிரோடு நண்பருக்கு ஒன்று. ஹார்ன் எங்களுக்கு உதவி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எதிரே வரும் வண்டி ஹைபீம் போட்டால் உங்களுக்கு என்ன ஆகிறதோ அதுதான் ஹார்ன் அடித்தால் எனக்கு ஆகிறது. அந்த இரண்டு நொடிக்குச் சுவர் இல்லை, சந்து இல்லை, பலகை இல்லை. நான் அசையாமல் நிற்பேன். பலத்த மழையும் அப்படித்தான், எல்லாவற்றையும் மூடிவிடும். தூறல் நல்லது, எங்கே தகரக் கூரை, எங்கே கார் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக வரைந்து காட்டும்.

நிசப்தமும் ஆபத்துதான். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மெதுவாக வந்தால் டயரில் மண் நெரிபடும் சத்தம் மட்டும்தான் இருக்கும். கடைத்தெரு இரைச்சலில் அது எங்கே கேட்கும்? இரண்டு தடவை முழங்கையில் இடித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகவே சட்டம் வைத்திருக்கிறார்கள். 2019 ஜூலையிலிருந்து புது மாடல் எலக்ட்ரிக் கார்களும், 2021 ஜூலையிலிருந்து புதிதாக விற்கிற எல்லா எலக்ட்ரிக் கார்களும் 20 கிலோமீட்டர் வேகம் வரை தானாக ஒரு சத்தம் எழுப்ப வேண்டும். அதற்கு மேல் போனால் டயர் சத்தமே போதும்.

2023 பிப்ரவரி கடைசியில் சென்னை சென்ட்ரலில் ரயில் அறிவிப்புகளை நிறுத்திவிட்டுத் திரைகளில் மட்டும் காட்டினார்கள். நிலையம் அமைதியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் திரை யாருக்கு? எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாளில் அறிவிப்பு திரும்பியது. அதை நான் மறக்கவில்லை, ஏனென்றால் சத்தம் குறைய வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் எந்தச் சத்தம் என்று முதலில் கேட்க வேண்டும்.

கனடாவில் மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் 1970களில் வான்கூவர் நகரத்தின் சத்தங்களைத் தன் குழுவோடு தெருத் தெருவாகப் பதிவு செய்தார். ஊருக்கு அடையாளக் கட்டடம் இருப்பது போல அடையாளச் சத்தமும் உண்டு, அதையும் காக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் மாணவர்களுக்குத் தாளம் தொடங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லி, ஐந்து நிமிடம் ஜன்னலோரம் உட்காரவைப்பேன்.

அம்மாவுக்கு என் யோசனை. கண்ணாடி ஜன்னலை மூடினால் மேல் சுருதிச் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும், கீழ்ச் சுருதிச் சத்தம்தான் உள்ளே வரும். அதனால்தான் மாடி வீட்டில் வெறும் உறுமல் கேட்கும், பேச்சுக் கேட்காது. செய்தி பெரும்பாலும் மேல் சுருதியில்தான் இருக்கிறது. ஏசி போடாத நேரத்தில் ஏதாவது ஒரு கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும். தெருப் பக்கம் ஒன்றும் இல்லையென்றால் மாடிப்படிப் பக்கம், சமையலறைப் பின்பக்கம் பாருங்கள். அந்த வீட்டுக்கும் ஒரு தெரு இருக்கும். எங்கே என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார், கொஞ்சம் நாள் கொடுங்கள்.

கோலமாவு

என் அப்பா பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் மூணு சக்கர வண்டியில் கோலமாவும் உப்பும் விற்றவர். அதனால் உள்ளே இருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கூவுவது கத்துவது இல்லை. "கோலமாவு" என்று முழுசாகச் சொன்னால் நாலு வீட்டுக்கு மேல் போகாது. கோ-வை ஊன்றி, லமா-வை விழுங்கி, கடைசியில் "ஏஏஏய்" என்று இழுப்பார். உயிரெழுத்துதான் தூரம் போகும், மெய்யெழுத்து பக்கத்திலேயே விழுந்துவிடும் என்பது அவர் அனுபவம். பழைய பேப்பர்காரர் வெட்டி வெட்டிச் சொல்வார், கீரைக்காரர் கீழிருந்து மேலே ஏற்றுவார். ஒரே தெருவில் இரண்டு பேர் வந்தாலும் குழப்பம் வராது. வார்த்தை யாருக்கும் காதில் விழாது, மெட்டு விழும். பெண்கள் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அப்பாவுக்குத் தொண்டை போய்விட்டது. குரல்வளையில் காய்ப்பு மாதிரி வந்திருக்கிறது, பேச்சையே குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் ரிச்சி தெருவில் மெமரி கார்டு போடுகிற ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தான். மிச்சம் இருந்த குரலில் ஒரு ராத்திரி பதிவு செய்தோம். ஃபேனை நிறுத்தி, டிவியை நிறுத்தி, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா நாலு தடவை கூவினார். நாலாவது முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. திரும்பக் கூவச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. அப்படியே வண்டியில் ஓடியது. நாலு கூவலுக்கு ஒரு விசில். ஏரியாவில் "குக்கர் வண்டி" என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு அம்மா அந்த விசிலைக் கேட்டுத் தன் அடுப்பை அணைக்க உள்ளே ஓடியிருக்கிறார்.

ஸ்பீக்கரில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அப்பா வாயால் கூவிய காலத்தில் சாமியானா போட்ட வீடு வந்தால் வாயை மூடிக்கொள்வார். பிள்ளை பிறந்த வீடு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு எல்லாம் தெரியும், குரலைத் தாழ்த்துவார். ஸ்பீக்கருக்கு அது தெரியாது. அப்பா அந்த இடம் வந்தால் கையை நீட்டி அணைப்பார், தாண்டியதும் போடுவார். இப்போது வருகிற பையன்கள் காலையில் போட்டால் ராத்திரிதான் அணைக்கிறார்கள். நூறடிரோடு அண்ணன் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வெள்ளவத்தை

நான் கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு அந்த மெட்டு பாண் ஓட்டோதான். பாண் என்றால் உங்கள் ஊர் பிரெட். முச்சக்கர வண்டிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாண், மாலு பாண், பணிஸ். "சூன் பாண்" என்று சொல்வோம். பெரும்பாலும் பெத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டைத்தான் போட்டுக்கொண்டு வரும். அதை எழுதியவர் யாரென்று என் அம்மம்மாவுக்குத் தெரியாது. காலையில் அது கேட்டால் கேத்திலை வைப்பார், பின்னேரம் கேட்டால் சில்லறை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போவார்.

2022இல் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கோதுமை மா இல்லை. பேக்கரிகள் பூட்டின. எங்கள் ஒழுங்கையில், அதாவது சந்தில், அந்த மெட்டு நின்றுபோனது. வரிசை, விலை எல்லாவற்றையும் எல்லாரும் கதைத்தார்கள். அம்மம்மா பின்னேரம் நாலரைக்குக் கதவடியில் வந்து நிற்பதை மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு நாள் தூரத்தில், அடுத்த ஒழுங்கையில் கேட்டது. பற்றரி இறங்கினதோ என்னவோ, மெட்டு இழுபட்டு இழுபட்டு வந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் அது திரும்புவதற்கு முதலே ஐந்தாறு கேற் திறபடும் சத்தம் எனக்குக் கேட்டது.

உங்கள் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ.

தெருமுனைவீடு

எல்லோருடைய பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குக்கர் வண்டியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். குழந்தை தூக்கிப் போடுவதைக் கேட்டு "பாவம், அந்தப் பக்கத்து ஜன்னல்ல கனமா ஒரு போர்வையாவது கட்டச் சொல்லு" என்றார். நூறடிரோடு, சொல்லிவிட்டேன்.

வெள்ளைக்கோல் ஐயா சொன்னதை அடுத்த நாளே செய்தேன். பால்கனிப் பக்கம் ஒன்றுமில்லை, தூரத்தில் ஓஎம்ஆர் ரோடு உறுமிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சின்ன இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரே இன்னொரு பிளாக், நடுவில் கிணறு போல இடைவெளி. அந்தக் கதவை நான் கொசுவுக்குப் பயந்து மூடியே வைத்திருந்தேன். திறந்து, வலைக் கதவை மட்டும் சாத்தி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். கீழே பத்து மாடிக்குப் பேச்சுச் சத்தம் மேலே ஏறி வருகிறது. யார் வீட்டிலோ அப்பளம் பொரிக்கிறார்கள், யாரோ ஒரு பிள்ளையைப் பல் தேய்க்கச் சொல்லி விரட்டுகிறார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார்: "ஆறாவது மாடியிலயோ ஏழாவது மாடியிலயோ ஒரு அம்மாவுக்கு மிக்ஸி ஜார் பிளேடு தேஞ்சு போச்சு. மாத்தச் சொல்லணும், மோட்டார் போயிடும்." எந்த வீடு என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் திருவல்லிக்கேணிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னேன். போனோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் நீலத் தகரம் அடைத்து, உள்ளே ஜேசிபி இடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. எதிர்வீட்டில் யாரோ பம்பு அடித்தார்கள், அம்மா அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். "வாஷர் மாத்திட்டாங்க போல" என்றார். திரும்பி வந்துவிட்டோம். அடுத்த வாரம் போகலாமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நான் எழுந்து வரும்போது அம்மா கூடத்தில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். என்னம்மா என்றேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். லிப்ட் ஓடும் சத்தம் கேட்டது. எங்கேயோ நின்று கதவு திறக்கும் மணி. மறுபடி ஓடியது, மறுபடி மணி.

"பேப்பர் பையன்" என்றார் அம்மா. "மேலேர்ந்து போட்டுட்டே வர்றான். இப்ப பதினேழு."

இன்னொரு மணி, இந்த முறை இன்னும் பக்கத்தில்.

"பதினாறு. நடுவுல பதினஞ்சுல யாரும் வாங்கறதில்ல."

மணி எங்கள் தளத்திலேயே அடித்தது. ரப்பர் செருப்பு நான்கு எட்டு நடந்தது. கதவடியில் பேப்பர் சறுக்கி வந்து என் காலில் பட்டது.

"அஞ்சு அம்பது ஆகியிருக்கும், போய்ப் பால் எடுத்துட்டு வா" என்றார். எழுந்து விளக்கைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு.